இறங்குதுறைக் குழாய்க்குக் குளிர்காலம் கொண்டுவந்த கதை

இந்த வருடம் எங்கள் நீர் வழங்கல் பிரிவில் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

இப்படியான அறிவுரைப் பக்கங்களை ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதுதான் வழக்கம். எனக்கு முப்பத்தொரு வயது. ஆனால் அடுத்த மாதம் கரையோர வேலைகளை உங்களிடம் ஒப்படைத்துவிட்டு அலுவலகத்துக்குள் ஒரு கதிரைக்குப் போகிறேன். கரையைப் பொறுத்தவரை நீயும் ஓய்வு பெற்றவன்தானே, எழுது என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளத்தில் பம்ப் மூழ்கிய அனுபவம், வரட்சியில் கிணறு கைவிட்ட அனுபவம் எல்லாவற்றையும் மூத்தவர்கள் ஏற்கனவே எழுதிவிட்டார்கள். என்னிடம் மிஞ்சியிருப்பது, கடலோரக் குழாயில் தண்ணீர் உறைந்துவிடாமல் நான் காத்த அனுபவம். இடம் கற்பிட்டிப் பக்கம். மாதம் மார்ச்.

சிரித்துவிட்டு வாசியுங்கள். பரவாயில்லை.

கடல்நீர்க் களப்புக்குள் நீண்டு கிடக்கும் எங்கள் இறங்குதுறையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் ஓரத்தில் இரும்புத் தாங்கிகள் மேல் ஒரு குழாய் ஓடுகிறது. நுனியில் திருகித் திறக்கும் நான்கு பைப்புகள். அக்கரையிலுள்ள தீவுக்காரருக்காகப் போட்டது. தீவில் தோண்டினால் உப்புத் தண்ணீர்தான். அவர்கள் போட்டில் இக்கரைக்கு வந்து, கேன்களைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் நடந்து, ஒரு தோட்டக் கிணற்றில் நிரப்பித் திரும்பச் சுமந்துகொண்டு வருவார்கள். குழாய் வந்துவிட்டால் போட்டில் நின்றபடியே கேனை நீட்டிப் பிடித்தால் போதும்.

குழாய் வந்துவிட்டது. தண்ணீர் வரவில்லை. வால்வுக்குப் பூட்டுப் போட்டிருந்தோம். வெளிநாட்டு உதவியில் செய்த வேலை என்பதால், அங்கிருந்து ஓர் ஆலோசகர் வந்து சோதனைப் பத்திரத்தில் கையெழுத்து வைத்த பிறகுதான் திறக்கலாம் என்பது ஒப்பந்தம். பத்திரத்தில் ஒரேயொரு பகுதி பாக்கி இருந்தது: பனிக்காலப் பாதுகாப்பு.

தீவிலிருந்து ஜெசிந்தா அக்கா ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வருவார். தீவுப் பெண்கள் சங்கத்தின் செயலாளர். இரண்டு கைகளிலும் கேன் இருக்கும். பூட்டை ஒரு தடவை பார்ப்பார், என்னை ஒரு தடவை பார்ப்பார்.

“தம்பி, இந்தக் குழாய் தண்ணிக்கு வெச்சதா, பாத்துட்டுப் போறதுக்கு வெச்சதா?”

“ஒரு சோதனை பாக்கியிரிக்கி அக்கா. பனிக்காலப் பாதுகாப்பு.”

“என்ன காலம்?”

“பனிக்காலம்.”

அவர் கேனை நிலத்தில் வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார். மேகம் என்று சொல்ல ஒரு பஞ்சுத் துண்டுகூட இல்லை.

“சரி, வந்தா சொல்லி அனுப்புங்க,” என்று சொல்லிவிட்டுக் கிணற்றுப் பக்கம் நடந்தார்.

இப்போது அந்தப் பகுதியில் என்ன எழுதியிருந்தது என்று சொல்கிறேன். நீரோரமாகத் திறந்த வெளியில் போகும் குழாய்களில் கடுங்குளிரில் தண்ணீர் உறையும், உறைந்தால் விரிந்து குழாயை வெடிக்க வைக்கும். ஆகவே குழாயைச் சுற்றிச் சூடாக்கும் நாடாவைச் சுற்ற வேண்டும். அதன் மேல் தடித்த ஸ்பொன்ஜ் உறை போட வேண்டும். சுவரில் ஒரு கருவியைப் பூட்டி, அதிலிருந்து குளிரை உணரும் ஒரு வயரை வெளியில் தொங்கவிட வேண்டும். அந்த வயருக்குக் குளிர்ந்தால் சிவப்பு விளக்கு எரிந்து நாடா தானாகச் சூடாகும். எல்லாம் சரியான பேச்சு. உலகத்தில் எங்கோ ஓர் ஊரில் இது இல்லாமல் சனங்கள் தவித்துப் போவார்கள்.

சாமான்கள் பெட்டி பெட்டியாக வந்தன. நாடா, உறை, கருவி, வயர். கூடவே பனி அள்ளும் சவள் இரண்டு, கம்பளிக் கையுறை ஆறு சோடி, “கவனம்: பனிக்கட்டி, வழுக்கும்” என்று மஞ்சள் பலகை ஒன்று. எங்கள் பைப் வேலைக்காரர் நிஸ்தார் நானா ஒரு சவளைத் தூக்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இது உப்பளத்துக்குப் போற சாமான். வழி மாறி வந்திரிக்கி.”

“இல்ல நானா. லிஸ்டில இரிக்கி.”

“லிஸ்டில இருந்தா சரிதான்,” என்றார் அவர். பலகையைக் கொண்டுபோய் இறங்குதுறையை ஒட்டியுள்ள மீன் கொட்டகை வாசலில் நட்டார். அந்த இடத்தில் மீன் பெட்டிகளிலிருந்து விழும் ஐஸில் தினமும் யாராவது வழுக்கி விழுவது வழக்கம். பலகை வந்த பிறகு விழுவது குறைந்தது. பத்திரத்தின் அந்தப் பகுதி முழுவதிலும் உருப்படியாக வேலை செய்த ஒரே சாமான் அந்தப் பலகைதான்.

இனி என் தவறுக்கு வருகிறேன். அதற்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பாடசாலைப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். வாப்பா உப்பளத்தில் வேலை செய்தவர். அச்சடித்த கடதாசி எது வந்தாலும் கையைத் துடைத்துவிட்டுத்தான் வாங்குவார். அந்தப் பழக்கம் எனக்கும் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கப் பத்திரத்தை ஒரு சொல் விடாமல் வாசித்தேன். அகராதி வைத்து வாசித்தேன். அதில் ஒன்று பிழையாக இருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு வரவேயில்லை. எனக்கு விளங்காத காரணம் ஏதோ இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

வாப்பாவிடமும் சொன்னேன். அவர் சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“மகன், இந்த ஊருல தண்ணி உறையிறதெண்டா நான் முப்பது வருசம் எப்பிடி உப்பு எடுத்தன்? இங்க தண்ணி ஆவியாப் போற பக்கம் மேலதானே.”

“அது வேற வாப்பா. இது பொறியியல்.”

“ஓ,” என்றார். படித்த மகன் சொல்லிவிட்டான் அல்லவா.

எங்கள் பிரிவுக்குத் தலைவரான பெரிய சேர் சிலாபத்துக்காரர், நல்ல மனிதர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். அவர் ஒரே வார்த்தையில் முடித்தார். “சரி எண்டு போட்டு சைன் பண்ணுங்க. குளிர் வந்ததா எண்டு யாரு பார்க்கப் போறது?”

பத்திரத்தில் இருந்த வாசகம் இது: “குளிரில் கருவி தானாக இயங்கியதை நான் நேரில் கண்டேன்.” நான் காணவில்லை. காணாததைக் கண்டேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தம்பி தங்கைமாரே, இந்த இடத்தில் நான் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பொய்க் கையெழுத்து வைக்காதீர்கள். ஆனால் பொய் சொல்ல மாட்டேன் என்று முடிவெடுத்தவன் அடுத்துச் செய்ய வேண்டியது என்ன என்பதில்தான் நான் தவறினேன். குளிர் இல்லை என்று எழுதாமல், குளிரைத் தேடிப் போனேன்.

முதலில் வானிலை அறிவித்தல்களைப் பார்த்தேன். டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலையில் வெப்பமானியோடு இறங்குதுறையில் போய் நின்றேன். கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு வரச் சொல்லிப் பத்திரத்தில் இருந்ததால் அதையும் போட்டிருந்தேன். அங்கே வலை தட்டிக்கொண்டிருந்தவர்கள் எனக்குக் கையில் ஏதோ வருத்தம் என்று நினைத்து மருந்து சொன்னார்கள். வெப்பமானி இருபத்திரண்டு பாகைக்குக் கீழே இறங்கவில்லை. கருவிக்குத் தேவை மூன்று.

மார்ச் மாதம் ஆலோசகர் வரப்போகிறார் என்று கடிதம் வந்தது. அன்று மீன் கொட்டகையில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது, சில்வெஸ்டர் அண்ணன் மீன் வைக்கும் ரெஜிபோம் பெட்டி. அவர் போட்காரர், கொட்டகை மூலையில்தான் எப்போதும் இருப்பார். பெட்டி நிறைய உடைத்த ஐஸ். அதற்கு நேர் மேலே சுவரில் நாங்கள் பூட்டியிருந்த கருவி. கருவியிலிருந்து தொங்கும் குளிர் உணரும் வயர்.

“அண்ணே, இந்தப் பெட்டிய ஒரு மணித்தியாலம் தாங்க. அரசாங்க வேலை.”

“மீனுக்கா?”

“குளிர்காலத்துக்கு.”

அவர் மூடியைத் திறந்து கொடுத்தார். மீன்பிடிக்காரர் அரசாங்க அதிகாரிகளிடம் கேள்வி கேட்டுக் களைத்துப்போனவர்கள்.

வயரின் நுனியை ஐஸுக்குள் ஆழமாகப் புதைத்து மூடியைச் சாத்தினோம். கொஞ்ச நேரத்தில் கருவியில் எண்கள் இறங்கத் தொடங்கின. இருபத்தெட்டு, பதினாறு, ஏழு, மூன்று. சிவப்பு விளக்கு எரிந்தது. நிஸ்தார் நானா ஓடிப்போய் உறையை விலக்கிக் குழாயில் கை வைத்தார்.

“சுடுது தம்பி, சுடுது.”

கொட்டகையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். கற்பிட்டிக் கரைக்குக் குளிர்காலம் வந்த அந்தக் கணத்தில் எனக்கு ஒரு பரீட்சை பாஸான சந்தோசம். பத்திரத்தை எடுத்து, நேரில் கண்டேன் என்ற வாசகத்துக்குக் கீழே கையெழுத்து வைத்தேன். முழு உண்மை.

மை காய்வதற்குள் தொலைபேசி வந்தது. எத்தாளைப் பக்கம் பெரிய குழாய் வெடித்து வீதியில் தண்ணீர் ஓடுகிறது, உடனே வா என்று. சாமான்களை அள்ளிக்கொண்டு இரண்டு பேரும் பிக்கப்பில் ஏறினோம். வயரை ஐஸிலிருந்து எடுத்தது நிஸ்தார் நானா என்று நான் நினைத்தேன். எடுத்தது நான் என்று அவர் நினைத்தார். வேலைத்தலத்தை விட்டுப் போகும்போது “எடுத்தாச்சா?” என்று வாய் திறந்து கேளுங்கள். இரண்டு செக்கன் வேலை.

அதற்குப் பிறகு ஒன்பது நாட்கள் நான் இறங்குதுறைப் பக்கம் போகவில்லை.

சில்வெஸ்டர் அண்ணன் மாலையில் வந்து மூடியைத் திறந்திருக்கிறார். தன் பெட்டிக்குள் அரசாங்க வயர். அது மேலே போய் விளக்கு எரியும் இயந்திரத்தில் சேருகிறது. ஐஸ் கரையாமல் பார்த்துக்கொள்ளும் புதுக் கருவி ஒன்றை, பெட்டி இரவல் கொடுத்ததற்கு நன்றியாக, நாங்கள் பூட்டிக் கொடுத்திருக்கிறோம் என்று அவர் விளங்கிக்கொண்டார். அரசாங்கச் சாமான் என்பதால் கை படாமல் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் ஐஸ் பெக்டரியிலிருந்து புது ஐஸ் கொண்டுவந்து, வயரை அசைக்காமல் சுற்றிவர நிரப்பி, மேலே மீனை அடுக்கினார். முன்னையைவிட ஐஸ் நன்றாக நிற்கிறது என்று மற்றவர்களுக்கும் சொன்னார். அவர்களும் தங்கள் நல்ல மீன்களை அதில் கொண்டுவந்து வைக்கத் தொடங்கினார்கள். விளக்கு எரிகிறதா என்று போகும்போதும் வரும்போதும் எல்லோரும் பார்த்துக்கொண்டார்கள்.

ஆகவே ஒன்பது நாட்கள், மார்ச் மாத வெயிலில், கசிவு பார்க்க நிரப்பிப் பூட்டியதால் உறை போட்ட குழாய்க்குள் அசையாமல் நின்ற தண்ணீரை எங்கள் நாடா இடைவிடாமல் சூடாக்கிக்கொண்டிருந்தது.

ஆலோசகர் வந்த நாள் செவ்வாய்க்கிழமை. உயரமான, மெலிந்த, மரியாதையான மனிதர். முகம் வெயிலில் சிவந்திருந்தது. ஜெசிந்தா அக்கா இந்த முறை தனியே வரவில்லை. மூன்று போட்டில் ஆட்கள், போட் நிறையக் கேன்கள். இன்றைக்குத் திறப்பார்கள் என்று நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். அவர்கள் நுனியில் போட்டைக் கட்டிக்கொண்டு, பைப்புகளுக்கு நேர் கீழே நின்றார்கள்.

ஆலோசகர் என் கையெழுத்தை வாசித்தார். தலையை ஆட்டினார். பேனாவைத் திறந்தார். கையெழுத்துக்கு முன் ஒரு தடவை பைப்பைத் திறந்து பார்ப்போம் என்றார். நிஸ்தார் நானா வால்வுப் பூட்டைத் திறந்துவிட்டு வந்து பைப்பைத் திருகினார்.

முதலில் ஆவி வந்தது. பிறகு தண்ணீர். கீழே போட்டில் கேனை நீட்டிக்கொண்டிருந்த ஒருவர் “உஸ்” என்று கையை இழுத்துக்கொண்டார். பிறகு போட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்:

“பிளேன்டீக்குச் சரியா இரிக்கும். சீனியும் இதுல வருமா?”

பெரிய சேர் என்னைப் பார்த்தார். நான் கொட்டகைப் பக்கம் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வயர் கீழே இறங்கி ஒரு பெட்டிக்குள் போனது. பெட்டியின் மூடி மேல் சில்வெஸ்டர் அண்ணன் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

அதற்குள் பெரிய சேர் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்: வெயில்தான் காரணம், இந்த மாதத்தில் இங்கே இப்படித்தான் இருக்கும்.

நினைத்துப் பாருங்கள். ஆலோசகர் நம்பினார். வானத்தைப் பார்த்தார், தன் சிவந்த கையைப் பார்த்தார், தலையை ஆட்டினார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கையெழுத்து விழும், அவர் போன பிறகு வயரைப் பிடுங்கிவிடலாம் என்று என் மனம் வேகமாகக் கணக்குப் போட்டது. உண்மை சொன்னால் சோதனை செல்லாது என்று போய்விடுவார். போட்டில் நிற்பவர்கள் வெறும் கேனோடு திரும்புவார்கள். இதை நான் உங்களிடம் மறைக்கவில்லை: வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

ஆலோசகர் பேனாவை மூடினார்.

இது பெரிய விஷயம் என்றார். வெயிலில் தண்ணீர் இவ்வளவு சூடாகிறதென்றால் சனங்களுக்கு ஆபத்து. ஆகவே சூடாக்கும் ஏற்பாட்டோடு ஒரு குளிரூட்டும் ஏற்பாடும் வேண்டும். புதிதாக வரைந்து, அனுமதி எடுத்து அனுப்புகிறேன், ஒரு வருடத்துக்குள் முடிக்கலாம் என்றார். உண்மையான அக்கறையோடு சொன்னார். குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதவும் தொடங்கிவிட்டார்.

பெரிய சேரின் முகத்தில் இரத்தம் இல்லை. கீழே ஜெசிந்தா அக்காவுக்கு ஆங்கிலம் விளங்காது. ஆனால் மூடிய பேனாவை அவர் கண்டுவிட்டார். கேனை மெதுவாகப் போட்டுக்குள் இறக்கி வைத்தார்.

“வெயில் இல்ல சேர்,” என்றேன் ஆலோசகரிடம். என் ஆங்கிலம் அந்த நேரம் பார்த்து எங்கோ போய்விட்டது. ஆகவே அவரைக் கையால் கூப்பிட்டுக்கொண்டு கொட்டகைக்கு நடந்தேன். எல்லோரும் பின்னால் வந்தார்கள்.

“அண்ணே, கொஞ்சம் எழும்புங்க.”

மூடியைத் திறந்தேன். இரண்டு பெரிய பாரை, கொஞ்சம் இறால், சுற்றிவர ஐஸ், நடுவில் எங்கள் வயர். அதைப் பிடித்து இழுத்தேன்.

“தம்பி, அதை எடுக்காதீங்க,” என்றார் சில்வெஸ்டர் அண்ணன் பதறிப்போய். “மீன் பழுதாப் போயிடும்.”

வயரை உயர்த்திப் பிடித்தேன். எண்கள் ஏறின. விளக்கு அணைந்தது. நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். என் ஆங்கிலத்தில், தப்புத் தப்பாக, முழுவதும்.

ஆலோசகர் குனிந்து பெட்டிக்குள் பார்த்தார்.

ஐஸ் எதற்கு என்று கேட்டார்.

இங்கே குளிர் இல்லை, அதனால் என்றேன்.

எப்போதுமே இல்லையா?

எப்போதுமே இல்லை.

அப்படியானால் பத்திரத்தில் இந்தப் பகுதியை ஏன் வைத்திருக்கிறீர்கள்?

நீங்கள்தான் அனுப்பினீர்கள்.

அவர் நெற்றியைத் தடவினார். நாங்கள் எல்லா நாடுகளுக்கும் ஒரே பத்திரத்தைத்தான் அனுப்புகிறோம். பொருந்தாததை நீங்கள் எழுதி நீக்க வேண்டும். அதற்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. நீங்கள் நீக்காதபடியால் இந்தக் கரையில் ஏதோ விசேஷமான குளிர் இருக்கிறது என்று எங்கள் அலுவலகத்தில் நினைத்தோம். நீங்கள் இந்த ஊர்க்காரர், உங்களுக்குத்தானே தெரியும் என்றார்.

பத்திரத்தை வாங்கிப் பிரித்தேன். பக்கம் நான்கு. “இவ்விடத்துக்குப் பொருந்தாதவை” என்ற தலைப்பு. கீழே பத்து வெற்றுக் கோடுகள். அந்தப் பக்கத்தை நான் வாசித்திருந்தேன், தம்பி தங்கைமாரே. அகராதி வைத்து வாசித்திருந்தேன். அது பெரிய ஆட்கள் எழுதும் இடம் என்று நினைத்துப் புரட்டிவிட்டேன். எனக்கு மேலே இருந்தவர்களும் அப்படியே நினைத்துப் புரட்டியிருக்கிறார்கள். நாங்கள் வெளிநாட்டுக்காரருக்கு மரியாதை கொடுத்தோம். அவர்கள் எங்களுக்கு மரியாதை கொடுத்தார்கள். இரண்டு மரியாதைக்கும் நடுவில், குழாய் வந்த பிறகும் தீவுக்காரர் ஏழு மாதம் கேன் சுமந்தார்கள்.

உங்களுக்கும் இப்படிப் பத்திரங்கள் வரும். அதில் உங்கள் ஊரைப் பற்றி எழுதச் சொல்லி எங்காவது வெற்றுக் கோடு இருந்தால் அது உங்களுக்குத்தான். எனக்கு இந்த வேலையில் தெரிந்த பெரிய பாடம் இதுதான். வேறொன்றும் பெரிதாக இல்லை.

ஆலோசகர் தன் பேனாவை என்னிடம் நீட்டினார். ஐஸ் பெட்டி மூடி மேல் பத்திரத்தை வைத்து, முதல் கோட்டில் எழுதினேன்: “இங்கு தண்ணீர் உறைவதில்லை.” அவர் அதன் கீழே கையெழுத்து வைத்தார். பிறகு கடைசிப் பக்கத்திலும் வைத்தார். எல்லாம் ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம்.

சுடுதண்ணீரைக் களப்புக்குள் ஓடவிட்டோம். கை வைக்கக்கூடிய பதத்துக்கு வந்ததும் போட்டுகளில் கேன்கள் நிரம்பத் தொடங்கின. ஜெசிந்தா அக்கா தன் கேனைப் பிடித்தபடி என்னைக் கூப்பிட்டார்.

“என்ன தம்பி பிரச்சினை? இவ்வளவு நாளும் என்ன குறையா இருந்தது?”

சொல்லாமல் விட்டிருக்கலாம். தண்ணீர் வந்துவிட்டது, யாரும் பழையதைக் கிளறப் போவதில்லை. ஆனால் அந்த ஏழு மாதமும் சுமந்தவர் அவர். சொன்னேன். பக்கத்தைக் காட்டினேன். அந்த ஒரு வரியைத் தமிழில் வாசித்தும் காட்டினேன்.

அவர் கேனை நிரப்பி எடுத்தார். மூடியை இறுக்கினார்.

“ஐஸ் வெச்சு இந்த ஊருக்குக் குளிர் கொண்டுவரத் தெரிஞ்ச ஆளுக்கு, குளிர் இல்லையெண்டு எழுதத் தெரியலியா?”

“தெரியல அக்கா.”

“ஏறுங்க போட்டுல.”

“எங்க?”

“தீவுக்கு. இதை நான் போய்ச் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. குழாயை நான்தான் அதிகாரிமாரோட சண்டை பிடிச்சுக் கெடுத்திட்டன் எண்டு ஏழு மாசமாக் கதை. நீங்களே வந்து சொல்லுங்க.”

நான் கழற்றிய சப்பாத்தை நிஸ்தார் நானா வாங்கிக்கொண்டார். கேன்களுக்கு நடுவில் இடம் விட்டார்கள். போட் தீவுக் கரையில் தட்டியபோது சனங்கள் தண்ணீருக்குள் இறங்கி வந்து கேன்களை வாங்கினார்கள். கேனைத் தோளில் ஏற்றிய ஒரு மனிதர் உடனே இறக்கி, அதைத் தடவிப் பார்த்தார்.

“என்ன ஜெசிந்தா, தண்ணி சூடா இரிக்கி?”

ஜெசிந்தா அக்கா என்னைக் கையால் காட்டினார். முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு, பனிக்காலத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன்.